மழலைகளுக்கு மூக்கையும் வாசனையையும் சொல்லித்தருவது: உங்கள் அனுபவம் எப்படி?

மழலையர் வகுப்பு ஆசிரியை:

ஐம்புலன் பாடத்தில் கண்ணுக்கும் காதுக்கும் நிறைய நேரம் கொடுக்கிறோம். மூக்கு வந்ததும் ஒரு பூவை நீட்டி, "வாசனையா இருக்கா?" என்று கேட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடுகிறோம். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளோடு தொடர்ந்து இதைச் செய்துவருகிறேன். மூக்குக்கு மட்டும் ஒரு முழு வாரம் தரலாம், அவ்வளவு விஷயம் இருக்கிறது.

"மோந்து பார்" என்று சொன்னால் பல பிள்ளைகள் மூச்சை இழுப்பதில்லை, ஊதுகிறார்கள். கண்ணை இறுக்க மூடி, மூக்கைச் சுருக்கி, டப்பாவுக்குள் 'ஃபூ' என்று ஒரு ஊது. அப்புறம், "ஒண்ணுமே வரல மிஸ்!" அதனால் வாசனைக்கு முன்னால் மூச்சைத்தான் பழக்குகிறேன். டிஷ்யூ காகிதத்தை விரல் அகலத்துக்குக் கிழித்து, மூக்குக்குக் கீழே தொங்கவிடச் சொல்வேன். ஊதினால் காகிதம் விலகி ஓடும், இழுத்தால் மூக்கோடு வந்து ஒட்டும். அதை ஒட்டவைப்பதுதான் விளையாட்டு. அது கைவந்த பிறகு, நாய்க்குட்டி மோப்பம் பிடிப்பதுபோல் சின்னச் சின்னதாக இழுக்கச் சொல்வேன். சாதாரணமாக மூச்சு விடும்போது, வாசனை அறியும் இடத்துக்குக் காற்று கொஞ்சம்தான் போய்ச் சேருகிறது. அந்த இடம் மூக்கின் உள்கூரையில், ஏறக்குறைய கண்களின் உயரத்தில் இருக்கிறது. சில சதுர சென்டிமீட்டர்தான். விட்டுவிட்டு வேகமாக இழுத்தால் காற்று அங்கே நன்றாக ஏறும்.

அடுத்தது டப்பா விளையாட்டு. மூடியில் துளை போட்ட, உள்ளே இருப்பது தெரியாத டப்பாக்கள். எலுமிச்சைத் தோல், சோப்புத் துண்டு, கசக்கிய இலை, காப்பித்தூள் என்று ஒவ்வொன்றும் இரண்டிரண்டு டப்பாவில். "இது என்ன?" என்று நான் கேட்பதே இல்லை. தெரிந்த வாசனைக்குக்கூடப் பெயர் சொல்லப் பெரியவர்களே தடுமாறுகிறோம், சின்னக் குழந்தையிடம் பெயரைக் கேட்டால் அது பரீட்சை ஆகிவிடும். "இதோட ஜோடி எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். பேசவே கூச்சப்படும் பிள்ளைகூட ஒவ்வொரு டப்பாவாக மோந்துகொண்டே போய், சரியானதைக் கண்டதும் இரண்டையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து நிற்கும்.

எலுமிச்சையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் பறந்து மூக்குக்குள் வருகின்றன என்று சொன்னேன். ஒரு பையன் உடனே கேட்டான்: "அப்ப எலுமிச்சை தீர்ந்துபோயிடுமா?" எவ்வளவு சரியான கேள்வி! புதுத் தோலையும், பல நாளாக ஜன்னலோரம் காய்ந்த தோலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். காய்ந்ததை மோந்துவிட்டு, "எல்லாம் பறந்துடுச்சு" என்றான். அதற்குமேல் நான் விளக்க ஒன்றுமில்லை.

மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் அப்பா:

என் மகள் கேட்டது வேறு: "எலுமிச்சைக்கும் சோப்புக்கும் மூக்கு எப்படி வித்தியாசம் கண்டுபிடிக்குது?" படித்துப் பார்த்துத்தான் சொன்னேன். மனித மூக்கில் சுமார் 400 வகை வாசனை ஏற்பிகள், அதாவது வாசனைத் துணுக்குகளைப் பிடித்து உணரும் நுண்ணிய அமைப்புகள், உண்டு. ஒரு வாசனை ஒரே வகையை மட்டும் தூண்டுவதில்லை, பலவற்றைச் சேர்த்துத் தூண்டுகிறது. எந்தெந்த ஏற்பிகள் சேர்ந்து எழுந்தன என்பதை வைத்து மூளை பிரித்தறிகிறது. இந்த ஏற்பிகளின் மரபணுக்களை 1991இல் கண்டறிந்து சொன்ன லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவருக்கும் 2004இல் மருத்துவ நோபல் கிடைத்தது. எவ்வளவு பழைய புலன், அதைப் புரிந்துகொண்டது நேற்றுதான் என்பது எனக்கே வியப்பாக இருந்தது.

ஒரு வார்த்தை கூடுதலாக. மூக்கைப் பற்றிச் சொல்லும்போதே, அதற்குள் எதையும் போடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இளையவனுக்கு ஒரு பக்க மூக்கில் மட்டும் துர்நாற்றத்தோடு சளி வந்தது. ஜலதோஷம் என்றால் பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒழுகும். ஒரு பக்கம் மட்டும் என்பதால் நேராகக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனோம். ஒரு ஸ்பாஞ்ச் துண்டை எடுத்தார். வீட்டில் நாமே குச்சி, இடுக்கி விட்டு எடுக்கப் பார்த்தால் இன்னும் உள்ளே போய்விடும். பட்டன் பேட்டரியாக இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது. சில மணி நேரத்திலேயே உள்தசையை அரித்துவிடும், மூக்கின் நடுச்சுவரே ஓட்டையாகலாம்.

இன்னொரு அம்மா:

அந்த ஜோடி விளையாட்டுக்கு நான் கடமைப்பட்டவள். என் மகனுக்கு எந்த ஜோடியும் சேரவில்லை, ஆனால் மற்றவர்கள் "ஆஹா!" என்றால் அவனும் "ஆஹா!" என்பான். அவன் ஆசிரியைதான் கவனித்துச் சொன்னார். எப்போதும் வாயால் மூச்சு விடுவான், தூக்கத்தில் குறட்டை. பரிசோதித்ததில், மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு என்ற சதை வீங்கி மூக்கின் பின்வழியை அடைத்திருந்தது. சிகிச்சைக்குப் பிறகு ஒரு நாள், குளித்துவிட்டு வந்த என் தோளில் மூக்கைப் புதைத்து, "அம்மா, உன்கிட்ட சோப்பு இருக்கு" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறவியிலேயே வாசனை தெரியாத பிள்ளைகளும் உண்டு என்று அப்போதுதான் அறிந்தேன். பார்வை, செவிப்புலன் போல இதை யாரும் சோதிப்பதில்லை, பிள்ளைக்கும் தன்னிடம் ஒன்று குறைவது தெரியாது. அதனால் பல வருஷம்கூட வெளியே வராமல் போகலாம். அப்படிப்பட்ட பிள்ளைகள் வளரும் வீட்டில் புகை, எரிவாயுக் கசிவு இரண்டுக்கும் எச்சரிக்கைக் கருவி அவசியம்.

மழலையர் வகுப்பு ஆசிரியை:

இருவருக்கும் நன்றி. ஜலதோஷம் பிடித்த பிள்ளை ஜோடி சேர்க்காவிட்டால் கவலை வேண்டாம், குணமான பிறகு இன்னொரு முறை பாருங்கள். நல்ல மூக்கும் ஒரே வாசனையில் இருந்தால் பழகிப்போய் உணராது, அதனால் நடுநடுவே வெளியே கூட்டிப்போய் விடுங்கள்.

டப்பாவுக்குள் என்ன போடலாம் என்று தனியே கேட்டவர்களுக்கு: தூள் எதையும் மெல்லிய துணியில் முடிந்து வையுங்கள், மூக்குக்குள் ஏறக் கூடாது. கற்பூரம் வேண்டாம், வாயில் போட்டால் வலிப்பு வரும் அளவுக்கு நஞ்சு. கழிவறை திரவம், பெயின்ட், நெயில் பாலிஷ் பக்கமே போக வேண்டாம். கொட்டை வகைகள் வைப்பதற்கு முன் ஒவ்வாமை உண்டா என்று பெற்றோரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஈரமானவற்றை அன்றன்றே மாற்றிவிடுங்கள், மூடிய டப்பாவில் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும்.