குறும்படத்தை எந்த நொடியில் நிறுத்துவது? ஆசிரியர்கள் சிலர் வகுப்பில் பார்த்தவை

அனிமேஷன் குறும்படம் காட்டும் வகுப்பு சொதப்புவது பெரும்பாலும் படத்தால் அல்ல, நிறுத்தும் இடத்தால். 40 நிமிடப் பாடவேளைக்கு மூன்று முதல் ஐந்து நிமிடப் படம் போதும். அதற்கு மேல் நீண்டால் இரண்டாம் முறை ஓட்ட நேரம் இருக்காது. ஒரே முறை பார்த்த பிள்ளைகளுக்குக் கதை மட்டும்தான் மனதில் நிற்கும்.

பிக்ஸாரின் 'ஃபார் தி பேர்ட்ஸ்' (2000) இதற்கு நன்றாகப் பொருந்தும். சுமார் மூன்றரை நிமிடம், வசனமே கிடையாது. கம்பியில் உட்கார்ந்திருக்கும் சின்னப் பறவைகளுக்கு நடுவே பெரிய பறவை ஒன்று வந்து அமர, கம்பி தொய்ந்துவிடுகிறது. அது தலைகீழாகத் தொங்கும்போது அதன் கால்விரல்களை ஒவ்வொன்றாகக் கொத்தி விடுவிக்கிறார்கள். கடைசி விரலில் ஒரு பறவைக்கு மட்டும் விபரீதம் உறைக்கும். அங்கே நிறுத்துங்கள். "அடுத்து என்ன ஆகும், ஏன்?" என்று கேட்டு, இரண்டு நிமிடம் பேசாமல் எழுதச் சொல்லுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் முதலில் கை தூக்கும் பிள்ளை சொல்வதே எல்லாருடைய பதிலாகிவிடும். "ஏன்" இல்லையென்றால் "பெரிய பறவை விழும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். கம்பி என்ன ஆகும் என்று யோசிக்கவே மாட்டார்கள்.

முதல் ஓட்டத்தில் ஒரே ஒரு நிறுத்தம்தான். நாலைந்து இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்டால் படம் வினாத்தாளாக மாறிவிடும். பிள்ளைகள் திரையை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள்.

*

மேலே டீச்சர் சொன்ன அதே கடைசி விரல் நொடி என் அறிவியல் வகுப்புக்கும் கைகொடுக்கும். ஆனால் படத்தோடு விட்டுவிடக் கூடாது. படத்தில் பெரிய பறவை விழுந்ததும் கம்பி விசையோடு மீண்டு சின்னப் பறவைகளைத் தூக்கி எறியும். நிஜ மின்கம்பி அவ்வளவு நீளாது, பறவைகளை அப்படித் தூக்கி எறியாது. எது மிகைப்படுத்தல் என்று சொல்லாவிட்டால் அதையே உண்மை என்று நம்பிவிடுவார்கள்.

இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே எலாஸ்டிக் நாடாவைக் கட்டி, நடுவில் நூலால் ஒரு எடையைத் தொங்கவிடுங்கள். இருபுறமும் மடித்த காகிதத் துண்டுகளைக் குதிரை ஏறுவதுபோல் உட்காரவைத்து, நூலை வெட்டினால் காகிதங்கள் துள்ளி விழும். துணி கிளிப் வேண்டாம், அது நாடாவைக் கவ்விக்கொண்டு அசையாது. வெட்டுவது நூலை, நாடாவை அல்ல. நாடா அறுந்தால் முகத்தில் அடிக்கும். பிறகு சாதாரணக் கயிற்றில் அதையே செய்யச் சொல்லுங்கள். காகிதம் அவ்வளவாகத் துள்ளாது. மீள்திறன் ஆற்றலைச் சேமிப்பது பற்றிப் பேச்சு அங்கேதான் தொடங்கும்.

*

மொழி வகுப்புக்கு ஒன்று சேர்க்கிறேன் சார். கதையை எழுதச் சொன்னால் "அப்புறம்... அப்புறம்..." என்றே பக்கம் நிறையும். படத்திலிருந்து ஆறு காட்சிகளை அச்செடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் எழுத வையுங்கள். அடுத்து அவற்றை "அதனால்", "ஆனாலும்", "அதற்குள்" கொண்டு இணைக்கச் சொல்லுங்கள். "அப்புறம்" ஒரே ஒருமுறைதான் அனுமதி. எந்தச் சொல் எங்கே பொருந்தும் என்று பிள்ளைகளே வாதாடுவார்கள். அந்த வாதம்தான் இலக்கணப் பாடம். வசனமில்லாத படமாக இருந்தால் திரையை மறைத்து ஒலியை மட்டும் முதலில் கேட்கவிடுவதும் பலன் தரும்.

*

கருவிப் பக்கம்: படத்தை இணையத்தில் நேரடியாக ஓட்டுவதென்றால் தானாக அடுத்த வீடியோ ஓடும் வசதியை முதலில் அணையுங்கள், இல்லாவிட்டால் படம் முடிந்த மறு நொடி விளம்பரம் வந்து நிற்கும். கோப்பு கையில் இருந்தால் விஎல்சி பிளேயரில் ஆங்கில 'ஈ' விசை படத்தை ஒவ்வொரு சட்டகமாக (ஃபிரேம்) நகர்த்தும், நிறுத்தும் நொடியைத் துல்லியமாகப் பிடிக்கலாம். மடிக்கணினி ஒலி கடைசி பெஞ்சை எட்டாது, தனி ஸ்பீக்கர் வேண்டும். வேகமாக மின்னும் காட்சிகள் உள்ள படங்களைத் தவிருங்கள். 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு கார்ட்டூன் தொடரில் வேகமாக மின்னிய காட்சியால் நூற்றுக்கணக்கான குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். வலிப்பு உள்ள பிள்ளை இருந்தால் முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொண்டு, படத்தை முழுவதும் நீங்களே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.