ஹெல்மெட்டுக்குள் இயர் பிளக்: காதைக் காக்குமா, ஆளைக் கவிழ்க்குமா?

கெடிலக்கரை | திங்கள், இரவு 9.40

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வீடு, புதுச்சேரி முதலியார்பேட்டையில் வேலை. பதினோரு வருடமாக தினமும் பைக்தான். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஈசிஆரில் மரக்காணம் வரை ஒரு சுற்று. மாதம் ஒருமுறை சென்னையில் மாமியார் வீடு, அதுவும் பைக்கில்தான்.

போன வருடம் ஒரு ராத்திரி கரண்ட் போய் ஃபேன் நின்றது. அறைக்குள் சில்வண்டு கத்தியது. டார்ச் அடித்துக் கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால் எல்லாம் தேடினேன். மனைவி எழுந்து உட்கார்ந்து, “எந்த வண்டு? எனக்கு ஒண்ணும் கேக்கலையே” என்றாள். வண்டு என் காதுக்குள் இருந்தது.

காதைச் சோதனை செய்து பார்த்ததில் இரண்டு காதிலும் 4000 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது கீச்சென்ற மேல் சுருதியில், வரைபடக் கோடு பள்ளத்தில் இறங்கியிருந்தது. வயது 38. மெஷின் ஓடும் இடத்தில் வேலையா என்று கேட்டார்கள், இல்லை. பட்டாசு? இல்லை. பைக்? ஆமாம்.

அன்றிலிருந்து ஃபோம் இயர் பிளக் போட்டு ஓட்டுகிறேன். சென்னை போய் இறங்கினால் முன்பெல்லாம் ஒரு மணி நேரம் தலை கனக்கும், டிவி சத்தத்தை ஏற்றி வைப்பேன். இப்போது அது இல்லை. ஆனால் போன வாரம் ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் ஹெல்மெட்டைக் கழற்றச் சொன்ன காவலர் மஞ்சள் நுனியைப் பார்த்துவிட்டு, “என்ன, பாட்டா?” என்றார். எடுத்துக் கையில் கொடுத்தேன், சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார். மச்சான்தான் விடவில்லை. “காதை அடைச்சிக்கிட்டு வண்டி ஓட்டுறவனுக்கு மூக்குலயும் பஞ்சு ரெடியா இருக்கணும்” என்கிறார்.

நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பழைய_ஆர்எக்ஸ் | திங்கள், இரவு 10.15

உங்கள் மச்சானை வழிமொழிகிறேன்.

தம்பி, நம் ரோட்டில் கண்ணாடியை விடக் காதுதான் முதலில் சொல்லும். ரெட்டிச்சாவடி தாண்டி கன்னியக்கோயில் வரும் வரை பின்னால் பஸ் எவ்வளவு நெருக்கத்தில் வருகிறது, ஏறப்போகிறதா, சும்மா மிரட்டுகிறதா என்பதெல்லாம் ஹார்ன் அடிக்கிற தினுசிலேயே எனக்குத் தெரியும். குறுக்குச் சந்திலிருந்து வரும் ஆட்டோ, பின்னால் மணியடிக்கும் சைக்கிள், எல்லாம் காதுக் கணக்கு. செயின் தொய்ந்தால் காது சொல்லும், டயரில் காற்று இறங்கினால் காது சொல்லும். 1994ல் வாங்கிய வண்டி இன்னும் ஓடுகிறது என்றால் அதன் சத்தத்தை நான் கேட்டுக்கொண்டே ஓட்டுவதால்தான்.

முப்பது வருடமாக ஓட்டுகிறேன். என் காதுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சிப்காட்_ஷிப்ட் | திங்கள், இரவு 10.50

அண்ணே, ஒன்றும் ஆகவில்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? சோதனை செய்தீர்களா?

எங்கள் பிளான்ட்டில் கம்ப்ரசர் பக்கம் போனால் இயர் பிளக் இல்லாமல் விடமாட்டார்கள். வருடா வருடம் காதுச் சோதனை உண்டு. ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டே போய் உட்காருகிறவர் கையில்தான் பள்ளம் விழுந்த தாள் வரும். பிளக் போட்டிருக்கும்போதே ஃபோர்க்லிஃப்ட் ஹார்ன் கேட்கும், சைரன் கேட்கும். காது செத்துப்போவதில்லை, சத்தம் தணிகிறது, அவ்வளவுதான்.

கெடிலக்கரை நண்பருக்கு ஒன்று. பாதிப் பேர் அதைத் தப்பாகத்தான் போடுகிறார்கள். விரலால் உருட்டி ஊசி போல மெலிதாக்க வேண்டும். மற்ற கையைத் தலைக்கு மேலே கொண்டுவந்து காது மடலை மேலேயும் பின்னாலேயும் இழுத்தால் துவாரம் நேராகும். உள்ளே விட்டு, அது ஊதிப் பொருந்தும் வரை அரை நிமிடம் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். காவலருக்கு மஞ்சள் நுனி அவ்வளவு நன்றாகத் தெரிந்தது என்றால் நீங்களும் பாதிதான் உள்ளே விட்டிருக்கிறீர்கள்.

பழைய_ஆர்எக்ஸ் | திங்கள், இரவு 11.05

ஃபோர்க்லிஃப்ட் உள்ளே ஊர்ந்து போகும். தரையில் கோடு போட்டிருப்பார்கள். எங்கள் பஸ்காரருக்கு எந்தக் கோடும் கிடையாது. இரண்டையும் ஒன்றாக வைக்காதீர்கள்.

நெல்லித்தோப்பு | செவ்வாய், காலை 7.20

எனக்கு வேறு கோபம். நான் ஏன் காதை அடைக்க வேண்டும்? ஏர் ஹார்ன் வைத்திருப்பவன் அல்லவா கழற்ற வேண்டும்? பல ராகத்தில் பாடுகிற ஹார்னும், காதைக் கிழிக்கிற ஹார்னும் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119ஆவது விதி சொல்கிறது. இந்திரா காந்தி சதுக்கத்தில் சிக்னலுக்கு நிற்கும்போது பின்னால் நிற்கிற பஸ்ஸின் ஹார்ன் முதுகெலும்பில் இறங்குகிறது. இதற்கெல்லாம் காசு கொடுத்து பஞ்சு வாங்கி நாமே அடைத்துக்கொண்டால், அப்புறம் எவன் கழற்றுவான்?

கெடிலக்கரை | செவ்வாய், காலை 8.05

ஹார்ன் விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் ஞாயிறு காலை ஐந்தரைக்கு மரக்காணம் உப்பளத்துப் பக்கம் ஒரு ஹார்னும் இருக்காது. அப்போதும் ஹெல்மெட்டுக்குள் புயல். அது வெறும் காற்று. நிதானமாகப் போகும்போது சீட்டிலிருந்து கொஞ்சம் எழுந்து கால்மிதியில் நின்று பாருங்கள், சத்தம் மாறும். என் வண்டிக்கு முன்னால் குட்டிக் கண்ணாடி ஒன்று மாட்டியிருந்தேன். காற்று நெஞ்சில் படாமல் காக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். அது காற்றைத் தூக்கி நேராகத் தாடைக்கடியில் விட்டுக்கொண்டிருந்தது. கழற்றிவிட்டேன்.

காது_சோதிப்பவள் | செவ்வாய், இரவு 9.10

புதுச்சேரியில் செவித்திறன் சோதிக்கிற வேலையில் இருக்கிறேன். ஆர்எக்ஸ் அண்ணா சொல்வதில் பாதி சரி, கெடிலக்கரை சொல்வதிலும் பாதி சரி. கணக்கைப் போட்டுப் பார்த்தால் எந்தப் பாதி என்பது தெரியும்.

அமெரிக்காவில் நியோஷ் என்ற தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வைத்த அளவைத்தான் நாங்கள் அதிகம் எடுத்துக்கொள்வோம். 85 டெசிபல் என்றால் நாளைக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி, 94க்கு ஒரு மணி, 97க்கு அரை மணி, 100க்கு வெறும் 15 நிமிடம்.

ஹெல்மெட்டுக்குள் காற்று போடும் சத்தம் அறுபது அறுபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 90 டெசிபல். அதற்கு மேலே இஞ்சின் சத்தத்தைக் காற்று விழுங்கிவிடும். நூறைத் தாண்டினால் 100 டெசிபல் பக்கம் வந்துவிடும். முழு முக ஹெல்மெட் மண்டையைக் காக்கும், இந்தச் சத்தத்தைப் பெரிதாகத் தடுக்காது. கழுத்துப் பக்கம் திறந்திருக்கிறதே, அங்கே சுழலும் காற்றுதான் உள்ளே இரைகிறது.

இப்போது கெடிலக்கரை ஓட்டுவதைப் பாருங்கள். கடலூரிலிருந்து புதுச்சேரி 22 கிலோமீட்டர் சொச்சம். தவளக்குப்பம், அரியாங்குப்பம் நெரிசலைக் கழித்தால் அறுபதுக்கு மேலே போவது ஒரு வழிக்குக் கால் மணி நேரம் இருக்குமா? போக வர அரை மணி. 90 டெசிபலில் அது வரம்புக்குள்தான். ஆக, தினசரி வேலைக்குப் போவதற்கு இயர் பிளக் அவசியமில்லை. சென்னை கதை வேறு. அவ்வளவு தூரத்தில் ஒரு மணி நேரம் நூறில் போனால் அன்றைய அனுமதியைப் போல நாலு மடங்கு. திரும்பி வரும்போது இன்னொரு நாலு. பள்ளம் அங்கேதான் விழுந்திருக்கும் என்பது என் ஊகம்.

உள்காதில் மயிர்ச்செல்கள் என்று உண்டு. ஒரு காதுக்குச் சுமார் 15,000. பிறக்கும்போது கொண்டுவந்ததுதான் இருப்பு, செத்தால் புதிதாக முளைப்பதில்லை. சத்தத்துக்கு முதலில் பலியாவது 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் கேட்கிற பகுதி. பேச்சு கேட்கும், ஆனால் தெளிவாக இருக்காது. பத்து, சத்து, கத்து மூன்றும் ஒன்றுபோலக் கேட்கும். அதனால்தான் பலர் என்னிடம் வந்து, “காது கேக்குதுங்க, இவங்கதான் வாய்க்குள்ளயே பேசுறாங்க” என்பார்கள்.

ஹார்ன் கேட்காமல் போகுமா? வேகத்தில் போகும்போது காற்றும் ஹார்னும் சேர்ந்தே தணிகின்றன. உச்சி வெயிலில் கூலிங் கிளாஸ் போட்டால் ரோடு நன்றாகத் தெரிகிறதல்லவா, அது மாதிரி. ஆனால் கூலிங் கிளாஸை மாலை ஆறரைக்குப் போட்டால்? ஊருக்குள் முப்பதில் போகும்போது காற்றுச் சத்தமே இல்லை. அங்கே பிளக் பிடுங்குவதெல்லாம் உங்களுக்கு வேண்டிய சத்தத்தைத்தான்.

பழைய_ஆர்எக்ஸ் | செவ்வாய், இரவு 9.35

மேடம், நன்றி. ஊருக்குள் வேண்டாம், தினசரி ஓட்டத்துக்கும் தேவையில்லை. நான் சொன்னதைத்தானே டெசிபல் போட்டுச் சொல்லியிருக்கிறீர்கள்?

இன்னொன்று. நூறில் ஏன் போக வேண்டும்? எழுபதில் போனால் பாதிப் பிரச்சினை காலி. அதற்குக் காசும் கிடையாது.

காது_சோதிப்பவள் | செவ்வாய், இரவு 9.50

அதை மறுக்கமாட்டேன். எழுபதில் போவதுதான் மலிவான இயர் பிளக். ஆனால் எழுபதிலும் சென்னை போக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகுமே, அண்ணா.

பிளக் அட்டையில் 29 டெசிபல் குறையும் என்று போட்டிருந்தால் அதில் பாதி கிடைத்தாலே அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 குறைந்தாலே 100 டெசிபலில் 15 நிமிடமாக இருந்தது 4 மணி நேரமாகிறது. எனவே சிப்காட் நண்பர் சொன்ன மாதிரி ஒழுங்காகப் போட்டால் போதும், இன்னும் பலமானதைத் தேட வேண்டாம். அதுவும் கெடிலக்கரை போல ஏற்கெனவே மேல் சுருதியில் இழந்தவர்கள் அதிகம் அடைக்கவே கூடாது. ஃபோம் பிளக் மேல் சுருதியைத்தான் கூடுதலாக வெட்டும். இவர் இழந்ததும் அதே பகுதி. எல்லாச் சுருதியையும் ஓரளவு சமமாகக் குறைக்கிற ஃபில்டர் பிளக் வாங்குங்கள், விலை கூட இருந்தாலும்.

நெல்லித்தோப்பு | புதன், காலை 6.55

எங்கள் அப்பா மார்கழியில் காதில் பஞ்சு வைத்து மஃப்ளர் கட்டி ஓட்டுவார். அது போதாதா?

சிப்காட்_ஷிப்ட் | புதன், காலை 7.30

பனிக்குப் போதும். பஞ்சு வழியாகச் சத்தம் தாராளமாகப் போகும். மஃப்ளர் பரவாயில்லை. கழுத்தைச் சுற்றித் தாடைக்கடியில் இறுக்கமாகத் துண்டு கட்டினால் உள்ளே வரும் காற்று குறையும்.

கடற்கரை ஊர் என்பதால் ஒன்று சொல்கிறேன். கிரீஸ் கையோடு ஃபோமை உருட்டிக் காதில் விட்டு எனக்கு ஒரு தடவை பூஞ்சை வந்து மூன்று வாரம் அரிப்பு. அழுக்கானால் தூக்கிப் போடுங்கள். இரண்டு டீ விலைக்கு ஒரு ஜோடி வருகிறது.

பின்சீட் | புதன், மதியம் 2.10

ஓட்டுகிறவர் காதைப் பற்றியே பேசுகிறீர்கள். பின்னால் உட்கார்ந்திருக்கிற எங்களுக்கும் அதே காற்றுதான். போன தீபாவளிக்குச் சென்னையிலிருந்து வந்து இறங்கியதும் அம்மா கேட்டது எதுவும் எனக்கு விளங்கவில்லை, ராத்திரி வரைக்கும் காது அடைத்தே இருந்தது. இப்போது இரண்டு பேருக்கும் பிளக். ஆம்புலன்ஸ் வந்தால் தோளில் இரண்டு தட்டு, நிறுத்த வேண்டுமென்றால் மூன்று என்று பேசி வைத்திருக்கிறோம்.

பெட்ரோல் டேங்க் மேல் குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு ஈசிஆரில் பறக்கிறார்களே, அந்தக் குழந்தையின் தலையிலும் ஒன்றுமில்லை, காதிலும் ஒன்றுமில்லை. அதைப் பற்றி யாராவது தனியாக ஒரு இழை தொடங்குங்கள்.

நெல்லித்தோப்பு | புதன், மாலை 6.20

போலீஸ் பிடித்தால்? இயர்போன் என்று ஃபைன் போட்டுவிடப் போகிறார்கள்.

கெடிலக்கரை | புதன், இரவு 8.45

மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆவது பிரிவு சொல்வது வண்டி ஓட்டிக்கொண்டே கையில் பிடித்துப் பேசுகிற கருவியை. பிளக் எந்தக் கருவியும் இல்லை, வயரும் இல்லை. கலிஃபோர்னியாவில் இரண்டு காதையும் மூடுகிற ஹெட்போன் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதிலேயே காதைக் காக்கச் செய்த பிளக்குக்கு விலக்கும் கொடுத்திருக்கிறார்கள், சைரனும் ஹார்னும் கேட்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. நான் பாக்கெட்டில் காலி டப்பாவை வைத்துக்கொள்கிறேன். கேட்டால் காட்டிவிடலாம்.

மேடம் சொன்ன பிறகு வேலைக்குப் போகும்போது போடுவதை நிறுத்திவிட்டேன். மச்சானிடம் மட்டும் சொல்லவில்லை.

பழைய_ஆர்எக்ஸ் | ஞாயிறு, பகல் 11.30

சும்மா எதிர்த்துப் பேசுகிறேன் என்று யாரும் நினைக்கக் கூடாது என்பதற்காக இன்று காலை போட்டுப் பார்த்தேன். தம்பி மகன் அவன் வண்டியில் கூட வந்தான். கோட்டக்குப்பம் தாண்டி நிறுத்திப் போட்டுக்கொண்டு மரக்காணம் வரை. எழுபதுதான்.

முதல் ஐந்து நிமிடம் கிணற்றுக்குள் தலையை விட்ட மாதிரி. அப்புறம் பழகிவிட்டது. பஸ் ஹார்ன் கேட்டது, ஒத்துக்கொள்கிறேன். செயின் சத்தம் கேட்கவில்லை, அது எனக்குப் பிடிக்கவில்லை. திரும்பும்போது கழற்ற மறந்து ஊருக்குள் வந்துவிட்டேன். முத்தியால்பேட்டையில் சைக்கிள்காரர் எவ்வளவு நேரம் மணியடித்தாரோ, பக்கத்தில் வந்து கத்தினார். ஆகவே ஊருக்குள் கூடாது என்ற என் கட்சியில் மாற்றமில்லை.

இன்னொரு சின்ன விஷயம். உப்பளத்தோரம் வண்டியை அணைத்துவிட்டு, பிளக்கை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றோம். எவ்வளவு அமைதி, சில்வண்டு மட்டும்தான் கத்துகிறது பார் என்றேன். உப்பளத்தில் ஏது பெரியப்பா சில்வண்டு என்று கேட்டான்.

காது_சோதிப்பவள் | ஞாயிறு, பகல் 12.05

அண்ணா, ஒரு நாள் காலையில் சோதனைக்கு வாருங்கள். அரை மணி நேர வேலை, வலிக்காது. முந்தின நாள் சாயந்திரத்திலிருந்து பைக் எடுக்காதீர்கள். சத்தம் கேட்ட காது சில மணி நேரம் தற்காலிகமாக மந்தமாக இருக்கும், தாளில் தப்பாக விழும். பஸ்ஸில் வந்துவிடுங்கள்.

பழைய_ஆர்எக்ஸ் | ஞாயிறு, பகல் 12.20

பஸ்ஸிலா? அந்த ஹார்னுக்குள்ளேயே உட்கார்ந்தா?

சரி, ரயில் எத்தனை மணிக்கு என்று பார்க்கிறேன்.