தொடைக்கு ஃபேட் ஃப்ரீசிங்: பக்கவிளைவு என்னென்ன?

கேள்வி:
உள்தொடை, வெளித்தொடை ரெண்டுக்கும் கூல்ஸ்கல்ப்டிங் (குளிரூட்டிக் கொழுப்பைக் குறைக்கிற ஃபேட் ஃப்ரீசிங் சிகிச்சை) செய்யலாம்னு கிளினிக்ல சொல்றாங்க. பக்கவிளைவே கிடையாதாம். நம்பலாமா? கெண்டைக்காலுக்கும் செய்வாங்களா?

பதில் 1:
பக்கவிளைவே இல்லைன்னு சொல்ற இடத்துல செய்துக்காதீங்க. கொழுப்புச் செல்கள் தோலைவிடச் சீக்கிரம் குளிருக்குச் சாகும்; சிகிச்சையே அதை வெச்சுத்தான். ஆனா அந்தக் குளிர் நரம்பையும் தொடும். சிவப்பு, வீக்கம், கருவி உறிஞ்சிப் பிடிச்ச இடத்துல ரத்தக்கட்டு எல்லாம் ஒன்றிரண்டு வாரத்துல அடங்கும். மரத்துப்போனது சரியாகப் பல வாரம் பிடிக்கலாம். அதுவரை வெந்நீர்ப் பை வைக்காதீங்க, சுட்டாலும் தெரியாது. சிலருக்கு மூணாம் நாளுக்கு மேல, ரெண்டு வாரத்துக்குள்ள, சுள்ளுனு குத்துற வலி கிளம்பும். பெரும்பாலும் தானாப் போயிடும். தூக்கம் கெடுற அளவுன்னா நரம்பு வலிக்கு மருந்து எழுதித் தருவாங்க.

பதில் 2:
முக்கியமான பக்கவிளைவு விட்டுப்போச்சு: பி.ஏ.ஹெச். (பாரடாக்சிகல் அடிபோஸ் ஹைப்பர்பிளேசியா). கொழுப்பு கரையறதுக்குப் பதிலா அதே இடத்துல வளர்ந்து கெட்டியாகிடும். ரெண்டு மூணு மாசம் கழிச்சு, கருவி வெச்ச வடிவத்திலேயே, வலியில்லாத மேடாத் தெரியும். அரிதுதான், ஆனா தானாக் கரையாது. உடற்பயிற்சி, டயட் எதுக்கும் அசையாது. மேடு இளகுற வரை சில மாசம் பொறுத்து, கொழுப்பை உறிஞ்சி எடுக்குற அறுவை சிகிச்சையான லிப்போசக்‌ஷன் செய்யணும். மாடல் லிண்டா எவாஞ்சலிஸ்டா 2021-ல் வெளியே சொன்னது இதைத்தான். "வந்தா செலவு யாருது?"ன்னு கையெழுத்துக்கு முன்னாடியே கேளுங்க.

பதில் 3:
அமெரிக்காவுல மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தர்ற எஃப்.டி.ஏ. தொடைக்கு 2014-ல் அனுமதி கொடுத்தது. கெண்டைக்கால் அந்த அனுமதியில் இல்லை. அங்கே பெரும்பாலும் தசை, பிடிச்சு உறிஞ்சக் கொழுப்பு குறைவு. அதை விட்டுடுங்க.

கிரையோகுளோபுலினீமியா, கோல்டு அக்ளுட்டினின் நோய் (ரெண்டும் குளிர் பட்டா தொல்லை தர்ற ரத்தக் கோளாறு) உள்ளவங்களுக்கு இந்தச் சிகிச்சை கூடவே கூடாது. குளிர்ல விரல் வெளுக்குதா, தோல் தடிக்குதா, வெரிகோஸ் வெயின் இருக்கா, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கறீங்களா, எல்லாத்தையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க. ரெண்டு காலும் ஒரே மாதிரி பருத்து, தொட்டாலே வலிச்சு, பாதம் மட்டும் ஒல்லியா இருந்தா லிபிடீமாவா (கால்ல கொழுப்பு அளவுக்கு மீறிச் சேருற நோய்) இருக்கலாம். முதல்ல அதைப் பார்க்கணும்.

தோலுக்கும் கருவிக்கும் நடுவுல ஜெல் பேட் சுருக்கமில்லாம இருக்கணும். அது நழுவினா உறைபனிக் காயம், பிறகு கருந்தழும்பு. முதல் சில நிமிஷத்துல இழுப்பும் எரிச்சலும் இருக்கும், அப்புறம் மரத்துடும். மரத்த பிறகும் ஒரே புள்ளியில எரிஞ்சா உடனே நிறுத்தச் சொல்லுங்க. பேட் இல்லாத மலிவு மெஷின் பக்கமே போகாதீங்க.