மொறிஸ் மைனரின் பொனற்றுக்குள் இறுகிய கிறீஸையும் துருவையும் அகற்றுவது எப்படி?

கேள்வி – கொக்குவிலிலிருந்து

வணக்கம். அப்பா ஓடிய 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000 கார் ஏழு ஆண்டுகளாக எங்கள் வீட்டுத் தகரக் கொட்டிலில் நிற்கிறது. பொனற்றைத் திறந்து பார்த்தபோது, எஞ்சினின் கீழ்ப்பாகத்தில் கரிய கிறீஸ் விரல் தடிப்புக்கு இறுகிப்போயிருப்பதையும், பற்றறித் தட்டும் அதைச் சுற்றியுள்ள தகடும் துருவேறிச் செதில் செதிலாக உதிர்வதையும் கண்டேன். தொண்ணூறுகளில் பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்தபோது மண்ணெண்ணெயில் ஓடிய கார் அது. அப்பாவின் நினைவாக இருப்பதால் என் கையாலேயே துப்புரவு செய்ய விரும்புகிறேன். பெற்றோலால் கழுவும்படி ஒருவரும், கோஸ்ரிக் சோடாவைக் கரைத்து ஊற்றும்படி இன்னொருவரும் சொன்னார்கள். எது பாதுகாப்பானது? கிணறு கொட்டிலிலிருந்து முப்பது அடி தூரத்தில்தான் இருக்கிறது.

பதில் 1 – மானிப்பாய், பழைய கராச்காரர்

தம்பி, இரண்டும் வேண்டாம். பெற்றோல் எங்கள் ஊரின் எந்த வெப்பநிலையிலும் பற்றக்கூடிய ஆவியை விடும். அந்த ஆவி காற்றைவிடப் பாரமானது என்பதால் நிலத்தோடு நிலமாகப் பரவி, தூரத்தில் இருக்கும் அடுப்பையோ சுவிச்சின் பொறியையோ தேடிப் போய்ப் பற்றிக்கொள்ளும். கோஸ்ரிக் சோடா இரும்பை விட்டுவிட்டு, காபரேற்றர் போன்ற அலுமினியப் பாகங்களை அரிப்பதோடு, எரியக்கூடிய ஐதரசன் வாயுவையும் எழுப்பும்.

முதல் வேலை பற்றறியைக் கழற்றுவது. இங்கே பலர் தவறு விடுகிறார்கள். இக்காலக் கார்களில் மறை முனைதான் பொடியோடு, அதாவது காரின் உலோக உடலோடு, இணைந்திருக்கும். மொறிஸ் மைனரிலோ கம்பனியிலிருந்து வரும்போதே நேர் முனை பொடியோடு இணைந்திருந்தது. பிற்பாடு யாராவது மாற்றியும் இருக்கலாம். ஆகவே நிறத்தை நம்பாமல், எந்தக் கேபிள் பொடியில் பூட்டப்பட்டிருக்கிறது என்று கையால் தொடர்ந்து பார்த்து, அதையே முதலில் கழற்றுங்கள். மற்றதை முதலில் கழற்றினால், ஸ்பனர் பொடியில் முட்டிய கணமே பொறி பறக்கும்.

அடுத்து, எதையும் ஊற்றாமல், மரச் சிராயாலும் பழைய பிளாஸ்ரிக் அட்டையாலும் சுரண்டுங்கள். பொறுமையாகச் சுரண்டினால் கிறீஸில் பெரும்பகுதி காய்ந்த கட்டியாகவே வந்துவிடும். மிஞ்சியதற்கு ஒரு ரின்னில் கொஞ்சம் மண்ணெண்ணெய் எடுத்து, பிரஷால் தொட்டுத் தொட்டுத் தேய்த்து, உடனே துணியால் துடையுங்கள். மண்ணெண்ணெய் எங்கள் ஊரில் எல்லோருக்கும் பழகிய பொருள் என்பதால் அதற்கு யாரும் பயப்படுவதில்லை. ஆனால் சுமார் 38 பாகையைத் தாண்டினால் அதுவும் பற்றக்கூடிய ஆவியை விடத் தொடங்கலாம், வைகாசி மத்தியானத்தில் தகரக் கூரையின் கீழ் அந்தச் சூடு சாதாரணம். காலையில், காரை வெளியே தள்ளிவைத்துச் செய்யுங்கள். எஞ்சின் மவுண்ட், பான் பெல்ற், றப்பர் குழாய் ஆகியவற்றில் அது படவிடாதீர்கள். றப்பர் ஊறிப் பருத்துவிடும். டிஸ்ரிபியூற்றரையும் டைனமோவையும் பொலித்தீன் பையால் இறுகக் கட்டிவிடுங்கள்.

பதில் 2 – வல்வெட்டித்துறையிலிருந்து

கடற்கரையில் இருக்கும் எங்களுக்குத் துரு தினப் பிரச்சினை. பற்றறித் தட்டின் துருவுக்குக் காரணம் பெரும்பாலும் உப்புக்காற்று அல்ல, பற்றறியிலிருந்து வழிந்த அசிட். ஆகவே அப்பச்சோடாவை நீரில் கரைத்து, நுரைப்பது நிற்கும்வரை பூசித் துடையுங்கள். பிறகு வயர் பிரஷ். ஆனால் உலரத் தேய்க்க வேண்டாம்: அந்தக் காலப் பெயின்ரில் ஈயம் இருந்திருக்கக்கூடும், பழைய கஸ்கற்றுகளில் கல்நார் இருந்திருக்கக்கூடும். ஈரமாக்கித் தேய்த்து, முகக்கவசமும் கண்ணாடியும் கையுறையும் அணியுங்கள்; கொம்பிரசர் காற்றால் ஊதவே வேண்டாம். எஞ்சியிருக்கும் துருவுக்குப் பொஸ்போரிக் அசிட் கலந்த துரு மாற்றியைப் பூசினால் அது கெட்டியான கரும்படையாக மாறும். காய்ந்தபின் பிறைமர் அடிக்கலாம். ஐதரோகுளோரிக் அசிட் மட்டும் வேண்டாம். அதன் புகை பட்டாலே பக்கத்திலுள்ள நல்ல இரும்பும் துருப்பிடிக்கும்.

தகட்டை ஸ்குறூ டிறைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் அங்கே வெட்டி ஒட்டத்தான் வேண்டும். அப்படி வெல்டிங் செய்வதாக இருந்தால், குளோரீன் கலந்த பிரேக் கிளீனரை அந்தப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். சூட்டில் அது உயிருக்கே ஆபத்தான பொஸ்ஜீன் வாயுவாக மாறும்.

பதில் 3 – ஏழாலையிலிருந்து

கிணற்றைப் பற்றிச் சொன்னீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. நாங்கள் குடிப்பது சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் தேங்கும் மழைநீர். மெல்லிய மண்படைக்குக் கீழே வடிகட்ட எதுவும் இல்லை, கொட்டியது நேரே இறங்கும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது, தண்ணீர் நிறைந்த கிணற்றருகில் நின்றுகொண்டு குடிநீர் கொண்டுவரும் பௌசருக்காகக் காத்திருந்தவர்கள் நாங்கள். தயவுசெய்து குழாயால் அடித்துக் கழுவ வேண்டாம். காருக்குக் கீழே தடித்த பொலித்தீனை விரித்து, அதன் மேல் மரத்தூளைப் பரப்புங்கள். சுரண்டிய கிறீஸ், ஊறிய மரத்தூள், துணி எல்லாவற்றையும் மூடியுள்ள தகர ரின்னில் சேர்த்து, கழிவு ஒயில் சேகரிக்கும் இடத்தில் கேட்டுக் கொடுங்கள். வளவில் எரிக்கவோ புதைக்கவோ வேண்டாம். கடைசியாகத் துடைக்க, உவர்க் கிணற்று நீரை விட்டு மழைநீரைப் பாவியுங்கள். உவர்நீரின் உப்புப் படிந்தால் புதுத் துரு தொடங்கும்.

கேட்டவர்

மிக்க நன்றி. கேபிளைத் தொடர்ந்து பார்த்தேன். ஐயா சொன்னபடியே நேர் முனைதான் பொடியில் பூட்டியிருந்தது. தட்டின் வலது மூலையில் ஸ்குறூ டிறைவர் உள்ளே போய்விட்டது, சுற்றியுள்ள தகடு உறுதியாக இருக்கிறது. நாளை காலை மரத்தூள் வாங்கிய பிறகே சுரண்டத் தொடங்குவேன்.