ஐபோன் 6-இல் பட்டன்கள் ஒட்டிக்கொள்கின்றன: பழைய சஃபாரியை விட்டுவிடலாமா?

ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடைக்கு வெப்சைட் செய்கிறேன். கடைக்காரரின் ஐபோன் 6-இல் (ஐஓஎஸ் 12.5) 'வாங்கு', 'பகிர்' பட்டன்கள் இடைவெளியே இல்லாமல் ஒட்டி நிற்கின்றன. ஒன்றைத் தொட்டால் மற்றது அமுங்குகிறது. இரண்டு வாரமாக இதே பாடு.

காரணம் தெரியும்: ஃபிளெக்ஸ்பாக்ஸில் (பட்டன் போன்றவற்றை வரிசையாக அடுக்கும் முறை) கேப், அதாவது நடுவே இடைவெளி விடும் வசதி, ஐபோனின் பிரவுசரான சஃபாரியில் 14.1 வெர்ஷனில்தான் வந்தது. @சப்போர்ட்ஸ் (ஒரு வசதி பிரவுசரில் உண்டா என்று கேட்கும் கட்டளை) வைத்துப் பிரித்துப் பார்த்தேன். கிரிட் என்ற கட்ட அடுக்கு முறைக்கு கேப் ஏற்கெனவே இருப்பதால் 'உண்டு' என்றே எடுத்துக்கொள்கிறது. பழைய பிரவுசர்களுக்கு ஏற்ப கோடை மாற்றித் தரும் ஆட்டோபிரிஃபிக்சரும் உதவவில்லை. குரோம் போட்டும் பார்த்தாயிற்று, ஐபோனில் அதுவும் சஃபாரியின் அதே எஞ்சினான வெப்கிட்தான். அந்த போனுக்கு ஐஓஎஸ் 13 கிடையாது, அதனால் புது சஃபாரியும் வராது.

எல்லாவற்றையும் மார்ஜினுக்கு (ஒவ்வொரு பட்டனுக்கும் தனித்தனியாக இடைவெளி வைக்கும் பழைய வழி) மாற்றலாம், ஆனால் நாற்பது இடத்தில் கை வைக்க வேண்டும். பழைய போனில் வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களும் காசு கொடுத்து வாங்குகிறவர்கள், சும்மா கைவிட மனசு வரவில்லை.

கடை வெப்சைட் செய்பவர்கள், சஃபாரியில் எந்த வெர்ஷன் வரைக்கும் ஆதரவு கொடுக்கிறீர்கள்?