ஆன் ஆர்பருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு: சனிக்கிழமைகளைப் பற்றி

வாடகை வீடு, ஓட்டுநர் உரிமம், பள்ளிச் சேர்க்கை பற்றியெல்லாம், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பருக்கு வருகிறவர்களுக்கான இந்த இணைய இழையில் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். சனிக்கிழமையைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. செப்டம்பரிலிருந்து நவம்பர் முடியும் வரை வீடு மாற்றுவதோ, விருந்துக்கு அழைப்பதோ, கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறிப்பதோ எதுவானாலும், பஞ்சாங்கத்தைத் திறக்குமுன் மிச்சிகன் பல்கலைக்கழக ஃபுட்பால் அணியின் அட்டவணையைப் பாருங்கள்.

நான் பார்க்கவில்லை. வந்த முதல் செப்டம்பரில், ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வாடகை லாரியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு மெயின் தெருவில் திரும்பினேன். மூன்று மைல் போக ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. மனைவியின் மடியில் வெட் கிரைண்டரின் கல். சுற்றிலும் மஞ்சளும் நீலமும் உடுத்திய கூட்டம், தேர் பார்க்கப் போவதுபோல் குடும்பம் குடும்பமாக நடந்துகொண்டிருந்தது. ஒரு பெரியவர் வண்டியின் கண்ணாடியைத் தட்டி ‘கோ ப்ளூ’ என்றார். வழி கேட்கிறார் என்று நினைத்து, ‘நான் ஊருக்குப் புதிது’ என்று பதில் சொன்னேன்.

அது அணியின் முழக்கம், இந்த ஊரின் வணக்கம். யார் சொன்னாலும் அதையே திருப்பிச் சொன்னால் போதும். வேற்றூர் விமான நிலையத்தில் நீங்கள் மிச்சிகனின் ‘எம்’ எழுத்துப் போட்ட தொப்பியுடன் நின்றால், முன்பின் தெரியாதவர்கூடச் சொல்லிவிட்டுப் போவார்.

இவ்வளவு கூட்டம் எங்கிருந்து வருகிறது என்று நீங்கள் கேட்கலாம். ஊரின் மக்கள்தொகை சுமார் 1,23,000. அணியின் அரங்கான மிச்சிகன் ஸ்டேடியத்தில் உட்காரக்கூடியவர்கள் 1,07,601 பேர். 1927இல் திறந்த இந்த அரங்கைப் பெரும்பகுதி பூமிக்குள் தோண்டிக் கட்டியிருப்பதால், தெருவிலிருந்து பார்த்தால் அவ்வளவு பெரிதாகத் தெரியாது. உள்ளே நுழைந்து கீழே பார்த்தால்தான் வயிறு ஒருகணம் கலங்கும். 1975இலிருந்து, கொரோனா ஆண்டை விட்டுவிட்டால், இங்கே எந்த ஆட்டத்துக்கும் லட்சத்துக்குக் குறைந்து கூட்டம் வந்ததில்லை. விளையாடுபவர்கள் எல்லாரும் கல்லூரி மாணவர்கள். இது எனக்கு இன்றுவரை முழுவதும் ஜீரணமாகவில்லை.

விதிகளைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதீர்கள். பெயர்தான் ஃபுட்பால், பந்தைக் காலால் தொடுவது அபூர்வம். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். மடிசார்ப் புடவையைவிட ஒரே ஒரு கெஜம் கூடுதல், அதற்குத்தான் அத்தனை மோதல். முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சிகள்; இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எல்லைக்கோட்டைத் தாண்டினால் டச் டவுன், ஆறு புள்ளிகள். அதன்பின் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னொன்று. தூரத்திலிருந்தே உதைத்துப் போட்டால் ஃபீல்ட் கோல், மூன்று. மீதியைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேளுங்கள். கேட்டால் அவர் சந்தோஷப்படுவார். பனிக்காலத்தில் உங்கள் வாசல் பனியையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்.

எனக்குப் புரிய வைத்தது 2023ஆம் ஆண்டுப் பருவம். 15 ஆட்டங்கள், 15 வெற்றி. ஆனால் நேராகப் போன பருவமல்ல. வீரர்களைச் சேர்க்கும் விதிகள் தொடர்பான ஒரு விவகாரத்தில், தலைமைப் பயிற்சியாளர் ஜிம் ஹார்பாவைப் பல்கலைக்கழகமே முதல் மூன்று ஆட்டங்களுக்கு விலக்கி வைத்தது. அக்டோபரில் இன்னொரு பூகம்பம்: எதிரணிப் பயிற்சியாளர்கள் ஓரத்தில் நின்று அடுத்த திட்டத்தைச் சொல்லும் சைகைகளை வேவு பார்த்ததாகக் குற்றச்சாட்டு. ஆட்டத்தின்போது பார்த்து ஊகித்தால் தவறில்லை. இனிமேல் மோதப்போகும் அணியின் ஆட்டங்களுக்கு முன்கூட்டியே ஆள் அனுப்பி ஒற்றறிவதுதான் விதிமீறல். மிச்சிகன் ஆடும் லீக்கான பிக் டென் கூட்டமைப்பு, ஹார்பாவைக் கடைசி மூன்று லீக் ஆட்டங்களுக்கும் மைதானத்துக்கு வரக்கூடாது என்றது. ஒற்றாடல் அரசர்க்கு அழகாக இருக்கலாம், கல்லூரிக்கு அழகில்லை என்பது என் கருத்து. இதை ஆன் ஆர்பரில் உரக்கச் சொல்லுமுன் ஐந்து வருடமாவது குடியிருங்கள்.

அந்தத் தடை வந்தது நவம்பர் 10, வெள்ளிக்கிழமை. மறுநாள் நண்பகல் பென் ஸ்டேட் அணியை அவர்கள் ஊரிலேயே சந்திக்க வேண்டும். அதற்கடுத்த நாள் தீபாவளி. எங்கள் சமையலறையில் முறுக்குப் பிழிந்துகொண்டே பார்த்தோம். பொறுப்புப் பயிற்சியாளர் ஷெரோன் மூர் இரண்டாம் பாதியில் பந்தை வீச அநேகமாக விடவே இல்லை. ஓட்டம், ஓட்டம், மறுபடியும் ஓட்டம். 24க்கு 15 என்று வென்றதும் தொலைக்காட்சி முன் அந்தப் பெரிய மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார். வாணலியில் ஒரு ஈடு கருகிவிட்டது. அடுத்த வாரம் மேரிலாந்தை 31க்கு 24 என்று வென்றபோது, கல்லூரி ஃபுட்பாலில் ஆயிரம் வெற்றியைத் தொட்ட முதல் அணி ஆனார்கள்.

பிறகு பக்கத்து மாநிலப் பல்கலைக்கழக அணியான ஓஹையோ ஸ்டேட். இந்தப் பகை தெரியாமல் இங்கே குடியிருக்க முடியாது. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் கடைசியில் நடக்கும். இங்கே ‘ஆட்டம்’ என்றாலே அதுதான். ஓஹையோ மாநிலமும் அன்று இன்னும் மாநிலமாகாத மிச்சிகனும் 1835இல் டொலீடோ என்ற ஊரை ஒட்டிய எல்லைக்காகப் படை திரட்டியவை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த நவம்பர் 25 சனிக்கிழமை பக்கத்து வீட்டில் எங்களை அழைத்திருந்தார்கள். மறுநாள் திருக்கார்த்திகை என்பதால் ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் குங்குமச் சிவப்பில் புடவை கட்டிக்கொண்டு வந்தார். சிவப்பு ஓஹையோவின் நிறம் என்பது எனக்குக் கதவு திறந்த பிறகுதான் உறைத்தது. அந்த வீட்டம்மா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய், ஒரு மஞ்சள் சால்வையைக் கொண்டுவந்து மாமியாரின் தோளில் போர்த்தினார். சம்பந்தி வீட்டு மரியாதை என்று எண்ணி மாமியார் கைகூப்பினார்.

மூன்றாம் கால்பகுதியில் 17க்கு 17. மிச்சிகனின் ஸாக் ஸின்டர் கால் முறிந்து விழுந்தார். லட்சம் பேர் இருந்த அரங்கு அப்படியே அடங்கிப்போனது. ‘ஐயோ, யார் பெத்த பிள்ளையோ’ என்றார் மாமியார். யாரும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. அவரை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோன பிறகு நடந்த முதல் முயற்சியிலேயே மிச்சிகனின் பிளேக் கோரம் 22 கெஜம் ஓடி டச் டவுன் போட்டார். அந்த வரவேற்பறையில் நாற்காலியில் யாரும் இல்லை. முடிவு 30க்கு 24. கடைசி நிமிடத்தில் மிச்சிகன் வீரர் ராட் மூர் எதிரணி வீசிய பந்தைப் பறித்து ஆட்டத்தை முடித்துவைத்தார்.

மீதியைச் சுருக்கிவிடுகிறேன். பிக் டென் இறுதியில் ஐயோவாவை 26க்கு 0. புத்தாண்டு அன்று தேசிய அரையிறுதியான ரோஸ் போலில் அலபாமாவைக் கூடுதல் நேரத்தில் 27க்கு 20. ஜனவரி 8 இரவு ஹூஸ்டனில் இறுதியாட்டத்தில் வாஷிங்டனை 34க்கு 13. 1997க்குப் பிறகு முதல் தேசியப் பட்டம். போகிக்கு முந்தின நாள் ஊர்வலம். கொட்டும் பனியில் என் மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றேன். அந்த மாதமே ஹார்பா தொழில்முறை அணிக்குப் போய்விட்டார்.

இனி நடைமுறை. டிக்கெட் வாங்குவதானால் செப்டம்பரில் சிறிய அணிகளோடு நடக்கும் ஆட்டங்களைப் பாருங்கள்; விலை தாங்கும், குளிரும் இருக்காது. கைப்பை கொண்டுபோகாதீர்கள், வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். புளிசாதப் பொட்டலத்துக்கும் அதே கதிதான். உட்காருவது நீள பெஞ்சில். நவம்பரில் எல்லாரும் தடித்த கோட்டோடு வருவதால் மூச்சை அளவாக விட வேண்டும். அரங்கின் பக்கத்தில் வீடு எடுத்தால், புல்வெளியில் கார்களை நிறுத்தவிட்டு வரும் பணம் உங்களுக்கா வீட்டுக்காரருக்கா என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். சிறிய தொகையல்ல.

பெற்றோரை எங்கே தங்க வைப்பது என்று கீழே கேட்டிருக்கும் தங்கைக்கு: பெற்றோர் வருகிற வாரத்தில் உள்ளூர் ஆட்டம் இருந்தால் ஓட்டல் அறையை ஊருக்குள் தேடாதீர்கள். பக்கத்து ஊர்களான கேன்டன், நோவை பக்கம் பாருங்கள்.

மேலாளர் ஓஹையோ ஸ்டேட்டில் படித்தவர், திங்கட்கிழமை என்ன பேசுவது என்று கேட்ட தம்பிக்கு: 2024இல் மிச்சிகன் ஐந்து ஆட்டங்களில் தோற்றது. ஓஹையோதான் தேசியப் பட்டம் வென்றது. ஆனால் அந்த நவம்பரில் ஓஹையோ ஸ்டேட்டின் ஊரான கொலம்பஸுக்கே போய் மிச்சிகன் 13க்கு 10 என்று வென்றுவிட்டது. என் மேலாளரும் அந்த ஊர்க்காரர்தான். அன்று நான் வாயே திறக்கவில்லை. கொஞ்சம் மிக்சர் மட்டும் அவர் மேசையில் வைத்தேன். பொட்டலத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, ‘இதில் பதின்மூன்று முந்திரி இருக்கிறதா?’ என்று கேட்டார்.