மேக்ரோவின் மதிப்பு 0. ஆனாலும் அந்தப் பகுதி இயங்குவது ஏன்?

கேள்வி:
சி மொழியில் எழுதிய ஒரே நிரலைச் சோதனைக்கு ஒரு விதமாகவும் பயனர்களுக்கு வேறு விதமாகவும் பில்ட் செய்ய (இயங்கும் நிரலாக மாற்ற) வேண்டியிருக்கிறது. இதற்காகக் கோப்பின் தொடக்கத்தில் ‘#டிஃபைன் டீபக் 0’ என்று ஒரு மேக்ரோவை (மதிப்புக்கு இடும் பெயரை) எழுதி, லாக் (நிரல் ஓடும்போது நடப்பவை பற்றிய குறிப்புகள்) எழுதும் வரிகளை ‘#இஃப்டெஃப் டீபக்’, ‘#என்டிஃப்’ ஆகிய இரண்டுக்கும் நடுவில் வைத்துள்ளேன். இருந்தும் லாக் வரிகள் அச்சாகிக்கொண்டே இருக்கின்றன. 0, 1 என்று மதிப்பை மாற்றியே இவற்றைக் கட்டுப்படுத்த வழி உண்டா?

மறுமொழி 1:
‘#இஃப்டெஃப்’ பார்ப்பது அந்தப் பெயரில் மேக்ரோ இருக்கிறதா என்பதை மட்டுமே. மதிப்பை அது கவனிப்பதில்லை. ‘#இஃப் டீபக்’ என்று மாற்றுங்கள், 0 கொடுத்ததும் லாக் நின்றுவிடும். அந்த வரையறையைக் கோப்பிலிருந்து எடுத்துவிட்டு, சோதனை பில்டின்போது மட்டும் கட்டளை வரியில் ‘-டி டீபக்=1’ என்று கொடுப்பது இன்னும் நல்லது; மூலக் கோப்பைத் தொடாமலே இரண்டு பில்டுகளும் கிடைக்கும். மேக்ரோ எந்தப் பகுதியையும் இயக்குவதோ நிறுத்துவதோ இல்லை. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் தன் வேலையைத் தொடங்கும் முன்பே, ‘#’ வரிகளைக் கையாளும் ப்ரீபிராசஸர், நிபந்தனை பொருந்தாத வரிகளை நீக்கிவிடுகிறது. ஆகவே நிரல் ஓடும்போது பயனர் மாற்ற வேண்டிய அமைப்பு என்றால், மேக்ரோ அதற்கு உதவாது. சாதாரண மாறிதான் வேண்டும்.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரி. ஆனால் ‘#இஃப்’ முறையிலும் ஓர் ஆபத்து உண்டு. வரையறுக்கப்படாத பெயரை அது 0 என்றே எடுத்துக்கொள்ளும். பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும், வரையறை உள்ள ஹெடரை (பொது வரையறைகள் கொண்ட கோப்பை) சேர்க்க மறந்தாலும் பிழை எதுவும் வராமல் அந்தப் பகுதி காணாமல் போய்விடும். ‘ஈனம்’ (enum) என்ற சொல்லால் பெயரிடப்படும் முழு எண் மாறிலிகளையும் ப்ரீபிராசஸர் அறியாது; அவற்றையும் 0 என்றே கொள்ளும். ஜிசிசி கம்பைலரைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் ‘-டபிள்யூஅன்டெஃப்’ என்ற விருப்பத்தைச் சேருங்கள், எச்சரிக்கை வரும். ‘-டபிள்யூஆல்’ மட்டும் கொடுத்தால் இந்த எச்சரிக்கை வராது.

கேட்டவர்:
‘#இஃப்’ என்று மாற்றியதும் லாக் நின்றுவிட்டது, இருவருக்கும் நன்றி. ஆனால் மாறி ஒன்றின் பெயரை மாற்றியபோது, 0 பில்டில் எல்லாம் சரியாக இருந்தது. 1 கொடுத்ததும் லாக் வரிகளில் பழைய பெயர் கிடந்து பிழைகள் வந்தன. இதைத் தவிர்க்க முடியுமா?

மறுமொழி 3:
நீக்கப்பட்ட வரிகளைக் கம்பைலர் பார்ப்பதே இல்லை என்பதால் வரும் சிக்கல் இது. நிபந்தனைகள் பெருகப் பெருக, யாரும் பில்ட் செய்து பார்க்காத சேர்க்கைகளும் பெருகும். லாக் போன்றவற்றுக்கு ‘#இஃப்’ வேண்டாம். டீபக் மதிப்பு எப்போதும் 0 அல்லது 1 என்று இருக்கும்படி வைத்துக்கொண்டு, வழக்கமான ‘இஃப் (டீபக்)’ கூற்றையே எழுதுங்கள். அப்போது உள்ளே உள்ள வரிகளைக் கம்பைலர் ஒவ்வொரு முறையும் சரிபார்க்கும். நிபந்தனை மாறிலி 0 என்பதால், ஆப்டிமைசேஷனில் (நிரலைச் செம்மையாக்கும் கட்டத்தில்) அவற்றை நீக்கியும்விடும். விண்டோஸில் மட்டும் உள்ள ஹெடர், லினக்ஸில் மட்டும் உள்ள சார்பு என மற்ற இடத்தில் கம்பைலே ஆகாதவற்றுக்கு ‘#இஃப்’ தவிர்க்க முடியாதது. அவற்றையும் பல கோப்புகளில் தூவாமல், தளத்துக்கு ஒரு கோப்பாகப் பிரித்துவைத்தால் படிப்பவருக்கு எளிது.